ஃபேஜை உடைக்காமல் ஜெல்லில் ஓட்டுவது எப்படி: முழு வழிகாட்டி

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர். அதன் உள்ளிருக்கும் டி.என்.ஏ.வை வெளியே எடுக்காமல், தலையும் வாலுமாக முழு உடலோடு அகரோஸ் ஜெல்லில் (கடற்பாசிப் பொருளால் ஆன நுண்துளைக் கூழில்) போட்டு மின்புலத்தால் நகர்த்திப் பிரிக்க முடியும். மலேசியாவின் பீடோங்கில் நான் வேலை செய்யும் சிறிய ஆய்வுக்கூடத்தில் இறுதியாண்டு மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் இதைச் செய்கிறார்கள். அவர்களுக்கு ஜெல் புதிதல்ல. டி.என்.ஏ. ஜெல் ஓட்டிக் கை பழகித்தான் வருகிறார்கள். தடுமாறுவதும் அந்தப் பழக்கத்தால்தான்.

டி.என்.ஏ. ஜெல்லில் பாதகமில்லாத பல காரியங்கள் ஃபேஜைக் கொன்றுவிடும். ஆகவே ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஃபேஜ் இன்னும் முழுசாக இருக்கிறதா?

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

பாக்டீரியா: ஈ.கோலை கே-12 போன்ற, நோய் உண்டாக்காத ஆய்வக வகை. ஏற்கெனவே தெரிந்த ஃபேஜ் ஒன்று: டி7 அல்லது டி4. இது இல்லாமல் தொடங்காதீர்கள். புது ஃபேஜ் எங்கே நின்றாலும், "எதோடு ஒப்பிட்டு?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

மின்புலத்தில் நீர் ஒழுகுவது குறைந்த (low EEO) அகரோஸ், படுக்கை ஜெல் தொட்டி, 20 வோல்ட் வரை இறங்கி நிலையாக நிற்கும் மின்வழங்கி, பனிக்கட்டி அல்லது குளிர்அறை, சின்ன நீர்ப்பம்பு ஒன்று. மீன் தொட்டிக்கு வாங்கும் பம்பு போதும், ஆனால் உலோகம் பஃபரைத் (அமில-கார அளவான பி.எச். மாறாமல் காக்கும் கரைசலை) தொடாத வகையாக இருக்கட்டும்.

எஸ்.எம். பஃபர்: சோடியம் குளோரைடு 100 மில்லிமோலார், மக்னீசியம் சல்ஃபேட் 8, டிரிஸ் 50, பி.எச். 7.5, கொஞ்சம் ஜெலட்டின். ஃபேஜ் குடியிருக்கும் வீடு இதுதான். இது தீர்ந்துபோனால் வேலையே நின்றுவிடும். முதல் நாளே இரண்டு போத்தல் செய்துவையுங்கள்.

2. நீர் எடுத்து ஒற்றை ஃபேஜைப் பிரித்தல்

எங்கள் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மாடு வளர்ப்பவர்கள் நிறைய. கொட்டகையிலிருந்து லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) வடியும் நீரில் ஈ.கோலை இருக்கும், அதைத் தின்னும் ஃபேஜும் இருக்கும். கையுறையும் பூட்ஸும் போடாமல் இறங்காதீர்கள். ஃபேஜ் மனிதனை ஒன்றும் செய்யாது. ஆனால் அதே நீரில் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம்.

நீரை வடிகட்டி, பாக்டீரியாவோடு கலந்து, மென்மையான அகார் மேல்படலத்தில் ஊற்றி ஓர் இரவு விட்டால் தெளிந்த வட்டங்கள் தெரியும். அதுதான் பிளேக். ஒன்றைக் குத்தி எடுத்து மறுபடி பரப்புங்கள். மூன்று முறை.

ஏன் மூன்று? லோங்காங் நீரில் ஒரே தெளிவட்டத்துக்குள் இரண்டு ஃபேஜ் கலந்திருப்பது சாதாரணம். கலவையை ஜெல்லில் ஓட்டினால் இரண்டு பட்டை வரும். அப்போது "என் ஃபேஜ் இரண்டு வடிவத்தில் இருக்கிறது" என்று முடிவு கட்டி, இரண்டு மாதம் அதன் பின்னால் அலைவீர்கள்.

3. பெருக்கி, அழுக்கை நீக்குதல்

பாக்டீரியா நன்கு வளரும்போது ஃபேஜைச் சேர்க்கவும். கலங்கிய குழம்பு தெளிந்ததும் செல்கள் வெடித்துவிட்டன என்று பொருள். இனி வரிசை முக்கியம்.

முதலில் டி.என்.ஏ.வை வெட்டும் டி.என்.ஏஸ் நொதி: மி.லி.க்கு 1 மைக்ரோகிராம், அரை மணி நேரம். செல் வெடிக்கும்போது பாக்டீரியாவின் டி.என்.ஏ. முழுவதும் வெளியே கொட்டுகிறது. நீக்காவிட்டால் குழம்பு மூக்குச்சளி போல இழுபடும், பின்னால் ஜெல்லிலும் பளிச்சென்று ஒரு பட்டையாக வந்து உங்களை ஏமாற்றும். ஃபேஜின் டி.என்.ஏ. புரத ஓட்டுக்குள் இருப்பதால் நொதி அதைத் தொட முடியாது. நொதி வேலை செய்ய மக்னீசியம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்து சுழற்றி, செல் சிதைவுகளைக் கீழே தள்ளுங்கள். குளோரோஃபார்ம் போடுவது வழக்கம். புது ஃபேஜுக்கு மட்டும் அவசரப்பட்டுப் போட வேண்டாம். கொழுப்புறை உள்ள ஃபேஜும் இழை வடிவ ஃபேஜும் குளோரோஃபார்மில் செத்துப்போகும். அரை மி.லி.யில் போட்டுப் பார்த்து, பிளேக் எண்ணிக்கை குறையவில்லை என்று தெரிந்த பிறகே முழுவதிலும் போடுங்கள்.

அப்புறம் சோடியம் குளோரைடு 1 மோலார், ஃபேஜைப் படியவைக்கும் பி.ஈ.ஜி. (பாலிஎதிலீன் கிளைக்கால்) 8000 நூற்றுக்கு 10. கரைத்து 4 டிகிரியில் ஓர் இரவு. காலையில் 10,000 ஜி வேகத்தில் சுழற்றினால் ஃபேஜ் அடியில் படியும். பல நேரங்களில் அந்தப் படிவு கண்ணுக்கே தெரியாது. குழாயின் வெளிப்பக்கச் சுவரில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள்.

படிவின்மேல் எஸ்.எம். பஃபரை மெதுவாக விட்டு, அசைக்காமல் குளிரில் ஓர் இரவு ஊற விடுங்கள். இங்கேதான் புதியவர்கள் அவசரத்தில் சுழல்கலக்கியில் வைத்து அதிர வைப்பார்கள். வால் ஒடிந்த ஃபேஜ் பாக்டீரியாவுக்குள் நுழையாது. ஓடும் வேகமும் மாறிப்போகும். பிப்பெட் முனையைக் கத்தரியால் நறுக்கி வாயை அகலமாக்கிக்கொண்டு உறிஞ்சுங்கள்.

கடைசியில் டயாலிசிஸ்: மாதிரியைச் சல்லடை போன்ற சவ்வுப் பையில் கட்டிப் பஃபரில் மிதக்கவிடுவது. ஜெல் எந்தப் பஃபரில் ஓடப்போகிறதோ அதற்கே மாற்றிவிடுங்கள், பஃபரை இரண்டு முறை மாற்றி. மாதிரியில் உப்பு அதிகமிருந்தால் ஜெல்லில் அதை ஊற்றும் பள்ளத்தைச் சுற்றி மின்புலம் வளைந்து பட்டை கோணிக்கொள்ளும். மிச்சமிருக்கும் பி.ஈ.ஜி. ஃபேஜ்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பள்ளத்திலேயே உட்கார வைத்துவிடும்.

4. எண்ணிப் பார்க்காமல் ஜெல் ஊற்றாதீர்கள்

"ஃபேஜ் நிறைய இருக்கிறது அக்கா" என்பார்கள். நிறைய என்றால் எவ்வளவு?

கணக்கு இது. டி7-இன் டி.என்.ஏ. 39,937 இணை (டி.என்.ஏ. ஏணியின் ஒவ்வொரு படியும் ஓர் இணை) நீளம். ஓர் இணையின் எடை ஏறத்தாழ 650 டால்டன். அப்படியானால் ஒரு டி7 துகளில் உள்ள டி.என்.ஏ. 4.3 × 10⁻¹⁷ கிராம். நூறு கோடித் துகள், அதாவது 10⁹, சேர்ந்தால் சுமார் 43 நானோகிராம். ஜெல்லில் தெளிவாகப் பார்க்க அவ்வளவாவது வேண்டும்.

பள்ளத்தில் 10 மைக்ரோலிட்டர்தான் கொள்ளும். ஆக மி.லி.க்கு 10¹¹ துகள் கையில் இருக்க வேண்டும். சாதாரணக் குழம்பில் 10⁹ அல்லது 10¹⁰-தான் இருக்கும். மூன்றாம் படியில் செறிவாக்கியது இதற்காகத்தான். டி4 பெரியது. அதன் டி.என்.ஏ. சுமார் 1,69,000 இணை என்பதால் அதே எண்ணிக்கைக்கு 180 நானோகிராம் கிடைக்கும். கொஞ்சம் குறைவாக இருந்தாலும் தெரியும்.

பிளேக் எண்ணிக்கை மி.லி.க்கு 10¹¹-க்கு மிகவும் கீழே இருந்தால் ஜெல் ஊற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். திரும்பிப் போய்ப் பெருக்குங்கள். ஜெல் காலியாக வருவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான்.

5. பஃபர்: எல்லாம் இங்கேதான் நிற்கிறது

பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ரப்பர் பாலில் மிதக்கும் துகள்களின்மேல் எதிர்மின்சுமை இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அது பாலாகவே கிடக்கிறது. மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) அமோனியா விட்டால் உறையாது. ஃபார்மிக் ஆசிட் ஊற்றினால் சுமை போய், துகள்கள் ஒட்டி, கட்டியாகிவிடும்.

ஃபேஜின் ஓட்டிலும் இதே கதை. நடுநிலையிலிருந்து கொஞ்சம் காரப்பக்கம், பி.எச். 7.4-இல், பெரும்பாலான ஃபேஜின் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது. அதனால் நேர்முனையை நோக்கி நகரும். அமிலப்பக்கம் போகப் போகச் சுமை குறையும். ஒரு கட்டத்தில் நகர்வது நின்று, கட்டிகட்டும். பி.எச். மீட்டரை அன்று காலையில் சரிபார்த்துவிட்டுத்தான் பஃபர் செய்ய வேண்டும்.

நாங்கள் பயன்படுத்துவது சோடியம் பாஸ்பேட் 50 மில்லிமோலார், மக்னீசியம் குளோரைடு 1 மில்லிமோலார், பி.எச். 7.4. மக்னீசியத்தைக் கடைசியில், பஃபரை முழு அளவுக்கு நீர்த்து ஆறவைத்த பிறகு சேர்க்கவும். அடர் பாஸ்பேட்டில் போட்டாலோ, சேர்த்துவிட்டுச் சூடாக்கினாலோ வெள்ளையாகத் திரியும். பம்பு இல்லாதவர்கள் 40 மில்லிமோலார் டிரிஸ்-அசிடேட்டோடு 1 மில்லிமோலார் மக்னீசியம் அசிடேட் சேர்த்து ஓட்டலாம், சூடும் குறையும்.

இப்போது இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான எச்சரிக்கை. அலமாரியில் இருக்கும் டி.ஏ.ஈ. அல்லது டி.பி.ஈ. (டி.என்.ஏ. ஜெல்லுக்கு வழக்கமாக ஊற்றும் பஃபர்கள்) போத்தலை எடுக்காதீர்கள். இரண்டிலும் ஈ.டி.டி.ஏ. இருக்கிறது. அது மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். பல ஃபேஜ்களில், ஓட்டுக்குள் நெருக்கி அடைத்திருக்கும் டி.என்.ஏ.வின் தள்ளுவிசையைத் தணித்து வைப்பது அந்த மக்னீசியம்தான். அதைப் பறித்தால் லாம்டா போன்ற ஃபேஜ் வெடித்துவிடும். ஜெல்லில் அழகான பட்டை வரும். அது வெறும் டி.என்.ஏ.

6. ஜெல் ஊற்றுதல்

தீபாவளிக்கு வீட்டில் அகார் அகார் காய்ச்சியவர்களுக்குக் கைப்பழக்கம் உண்டு. அகரோஸும் அதே கடற்பாசிச் சரக்கின் சுத்திகரித்த பகுதிதான். ஆனால் இங்கே கண் அளவு உதவாது.

முதல் ஜெல்லுக்கு நூற்றுக்கு 0.9 வையுங்கள். அதில் துளைகளின் ஆரம் நூறு நானோமீட்டரையொட்டி இருக்கும். டி7-இன் தலை சுமார் 60 நானோமீட்டர் குறுக்களவு, தாராளமாகப் புகும். டி4-இன் தலை 120-க்கு 86, அதோடு நூறு நானோமீட்டர் வால், இழைகள் வேறு. அதற்கு 0.6 அல்லது அதற்கும் கீழே இறங்குங்கள்.

குடுவையைக் காய்ச்சுமுன் எடை போட்டு எழுதி வையுங்கள். காய்ச்சியபின் மறுபடி எடை போட்டு, ஆவியாகப் போன அளவுக்குச் சுடுநீர் சேர்க்கவும். ஏன் இவ்வளவு கறார் என்றால், பத்தாம் படியில் அகரோஸ் அளவை வைத்துத்தான் ஃபேஜின் பருமனைக் கணக்கிடப் போகிறோம். 0.9 என்று எழுதியிருந்து உண்மையில் 1.0 ஆக இருந்தால் கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும்.

55 டிகிரிக்கு ஆறியதும் ஊற்றவும். பள்ளங்களை உண்டாக்கும் சீப்பை எங்கே நிறுத்துவது? பழக்கத்தில் எல்லாரும் ஓரத்தில், எதிர்முனைப் பக்கம் வைப்பார்கள். புது ஃபேஜ் என்றால் நடுவில் வையுங்கள். அகரோஸிலேயே கொஞ்சம் நிலையான எதிர்மின்சுமை ஒட்டியிருப்பதால், மின்புலத்தில் நீர் எதிர்முனையை நோக்கி மெல்ல ஒழுகும். சுமை குறைந்த ஃபேஜை அந்த நீர் பின்னோக்கி இழுத்துப் போய்விடும். ஓரத்தில் சீப்பு வைத்திருந்தால் அது ஜெல்லைவிட்டே வெளியேறியிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

0.3-க்குக் கீழே போனால் ஜெல் தாவ்ஃபூஃபா (மென்மையான சோயாக் கூழ்) மாதிரி ஆகிவிடும்; கரண்டியால் தொட்டாலே பிளக்கும். அதற்கு 1.5 அகரோஸில் முதலில் ஒரு சட்டம் ஊற்றி, நடுக்குழியில் மெல்லிய ஜெல்லை ஊற்றுங்கள். குளிரில் வைத்து, பஃபருக்கு அடியில் வைத்தே சீப்பை உருவவும். காற்றில் உருவினால் பள்ளம் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்.

7. மாதிரி ஏற்றுதல்

கடையில் வாங்கிய டி.என்.ஏ. சாயக் கலவை வேண்டாம். அதில் ஈ.டி.டி.ஏ. இருக்கும், சிலவற்றில் எஸ்.டி.எஸ்.ஸும் இருக்கும். எஸ்.டி.எஸ். என்பது சோப்பு, ஓட்டுப் புரதத்தைக் கழற்றிவிடும். ஓடும் பஃபரிலேயே சர்க்கரை கரைத்து, துளி புரோமோஃபீனால் நீலம் சேர்த்து நீங்களே செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஏற்ற வேண்டியவை: உங்கள் ஃபேஜ், முழுச் செறிவிலும் மூன்றில் ஒன்றாக நீர்த்தும். தெரிந்த ஃபேஜ். உங்கள் ஃபேஜையே 10 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ.வில் 75 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து உடைத்தது. ஃபேஜ் சேர்க்காமல் அதே வழியில் சுத்தம் செய்த பாக்டீரியாக் குழம்பு.

உடைத்த மாதிரி எதற்கு என்று கேட்பார்கள். விடுபட்ட டி.என்.ஏ. எங்கே நிற்கும் என்று அது காட்டும். முழு ஃபேஜ் என்று நீங்கள் நினைக்கும் பட்டை அதற்கு நேரே நின்றால் கதை முடிந்தது. பாக்டீரியாக் குழம்பு ஏற்றுவது, ஃபேஜ் இல்லாமலே தெரியும் கறையை அடையாளம் காண.

டி.என்.ஏ. அளவுகோல் ஏற்றினாலும் ஃபேஜின் பருமனை அதில் படிக்க முடியாது. டி.என்.ஏ.வில் நீளத்துக்கு ஏற்பச் சுமை கூடுவதால் நீளம் ஒன்றே வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஃபேஜில் மேற்பரப்புச் சுமையும் பருமனும் தனித்தனி.

எல்லா மாதிரியையும் இரண்டு தொகுதியாக, ஜெல்லின் இடப்பாதியிலும் வலப்பாதியிலும் ஒரே வரிசையில் ஏற்றுங்கள். இது ஒன்பதாம் படிக்கு வேண்டும். மறந்துவிட்டால் அந்தப் படியே இல்லை.

8. ஓட்டுதல், சாயமேற்றுதல்

செ.மீ.க்கு 1 வோல்ட். இந்த செ.மீ. ஜெல்லின் நீளம் அல்ல, இரண்டு மின்கம்பிகளுக்கும் இடையே உள்ள தூரம். எங்கள் தொட்டியில் அது 20 செ.மீ., ஆகவே 20 வோல்ட். டி.என்.ஏ. ஜெல்லுக்கு 100 வோல்ட் போட்டுப் பழகியவர்களுக்கு இது ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும். ஓடும். 10 முதல் 16 மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

வோல்ட்டைக் கூட்டினால் பஃபர் சூடாகும். எங்கள் அறை வெப்பமே 30 டிகிரி. சூடான ஜெல்லில் நடு வரிசைகள் வேகமாகவும் ஓர வரிசைகள் மெதுவாகவும் ஓடி, பட்டைகள் புன்னகை போல வளையும். குளிர்அறை இல்லாவிட்டால் தொட்டிக்கு அடியில் பனிக்கட்டிப் பை வையுங்கள்.

மின்சாரம் நீரைப் பிரிப்பதால் நேர்முனைப் பக்கம் அமிலமாகவும் எதிர்முனைப் பக்கம் காரமாகவும் மாறிக்கொண்டே போகும். பி.எச். மாறினால் சுமை மாறும், சுமை மாறினால் வேகம் மாறும். பம்பால் இரண்டு பக்கத்து நீரையும் சுற்றிவிடுங்கள். பம்பு இல்லையென்றால் பகலில் ஓட்டி, மணிக்கு ஒரு முறை மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கையால் கலக்கவும். மூடியைத் தூக்குமுன் சொடுக்கியை அணைப்பது எப்போதும், யாருக்கும்.

ஓர் இரவில் ஜெராய் மலைப்பக்கமிருந்து இடி மழை வந்து மின்சாரம் போனது, எனக்குத் தெரியாது. காலையில் வந்து பார்த்தால் பட்டைகள் பாதித் தூரத்தில், கலங்கிய மேகம் போல. மாதிரிதான் கெட்டது என்று நினைத்து ஒரு வாரம் முழுவதையும் திரும்பச் செய்தோம். இப்போது அதே சொருகியில் ஒரு சின்ன மின்கடிகாரம் வைத்திருக்கிறேன். மின்சாரம் போய் வந்தால் அது 12:00 என்று மினுக்கிக்கொண்டிருக்கும்.

ஓடி முடிந்ததும் ஜெல்லை நடுவே வெட்டி, வலப்பாதியைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் குளிரில் வையுங்கள். இடப்பாதிக்கு மட்டும் சாயம். வரிசை மாறக் கூடாது.

முதலில் சைபர் சேஃப் போன்ற டி.என்.ஏ. சாயத்தில் ஒரு மணி நேரம், பஃபரில் மக்னீசியத்தோடு. படம் எடுங்கள். இதில் வெளியே கிடக்கும் டி.என்.ஏ. பளிச்சென்று தெரியும், முழு ஃபேஜ் மங்கலாகத்தான் தெரியும், ஏனென்றால் ஓடு சாயத்தை எளிதில் உள்ளே விடாது. இரண்டாவது, ஜெல்லை 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் அரை மணி நேரம் ஊறவைத்து ஓட்டை உடைத்து, டிரிஸ் பஃபரில் நடுநிலையாக்கி, மறுபடி சாயம் போட்டுப் படம். முதல் படத்தில் மங்கலாக இருந்து இரண்டாவதில் எழும் பட்டையைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபேஜ் ஆர்.என்.ஏ. வகை என்றால் இந்தக் காரக் குளியல் ஆகாது, ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும்.

மூன்றாவது, அதே ஜெல்லைக் கூமாசி நீலத்தில் போட்டுப் புரதத்தைப் பாருங்கள். இதற்குப் பத்து மடங்கு துகள் வேண்டும், ஒரு வரிசையை அதற்கென்று அடர்த்தியாக ஏற்றியிருக்க வேண்டும். புரதம் தெரிந்து டி.என்.ஏ. தெரியாத பட்டை என்றால் அது வெற்று ஓடு. கூமாசி அமிலத்தில் இருப்பதால் எப்போதும் கடைசியில்தான்.

9. பட்டையில் உயிர் இருக்கிறதா?

பலரும் எட்டாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை.

போன வருடம் ஒரு மாணவி ஓடி வந்தாள். "அக்கா, பட்டை வந்திருச்சு, சூப்பரா இருக்கு!" முதல் படத்தைக் காட்டினாள். உண்மையில் கண்ணைப் பறிக்கும் பட்டைதான். "சரிம்மா, மற்ற பாதியை வெட்டலாம், வா" என்றேன்.

சாயம் போடாத வலப்பாதியிலிருந்து அவள் ஃபேஜ் ஓடிய வரிசையைப் பிளேடால் நீளவாட்டில் பிரித்தாள். அடியில் வரைபடத் தாளை வைத்து, 4 மி.மீ.க்கு ஒரு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் எண்ணிட்ட குழாயில், அரை மி.லி. எஸ்.எம். பஃபரில் போட்டாள். துண்டுகள் குழாயில் விழுந்ததும் கண்ணாடி போல மறைந்துவிடும். இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். ஓர் இரவு குளிரில். மறுநாள் ஒவ்வொன்றிலிருந்தும் பத்து, நூறு, ஆயிரம் மடங்கு நீர்த்து, பாக்டீரியாப் படலத்தில் 5 மைக்ரோலிட்டர் பொட்டு வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை தட்டைத் திறந்தால் தெளிவட்டங்கள் ஏழாம் துண்டில் குவிந்திருந்தன. ஆறிலும் எட்டிலும் கொஞ்சம். அவளைச் சந்தோஷப்படுத்திய அந்தப் பளிச்சென்ற பட்டை இருந்தது பதினோராம் துண்டில். அதில் ஒன்றுமே இல்லை, பாக்டீரியா முழுசாக வளர்ந்திருந்தது. பழைய படத்தை எடுத்து ஏழுக்கு நேரே பார்த்தோம்: இருக்கிறதோ இல்லையோ என்று ஒரு சாம்பல் கோடு. அதுதான் ஃபேஜ். பதினொன்று, உடைந்த ஃபேஜ்களிலிருந்து கொட்டிய டி.என்.ஏ.

அந்தத் தட்டின் படத்தை இன்றும் ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

10. தூரத்திலிருந்து பருமனுக்கும் சுமைக்கும்

ஒரு ஜெல் மட்டும் வைத்து ஃபேஜின் பருமனைச் சொல்லாதீர்கள். சுமை அதிகமுள்ள பெரிய ஃபேஜும், சுமை குறைந்த சிறிய ஃபேஜும் ஒரே இடத்தில் நிற்க முடியும். இரண்டையும் பிரித்தறிய அகரோஸ் அளவை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

0.6, 0.8, 1.0, 1.2, 1.5. ஐந்து சிறு ஜெல்லையும் ஒரே தொட்டியில், ஒரே பஃபரில், ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். தனித்தனி நாளில் ஓட்டினால் அன்றன்றைய வெப்பமும் பி.எச்.சும் கணக்கில் கலந்துவிடும்.

நகர்திறன் என்பது தூரத்தை நேரத்தாலும் மின்புலத்தாலும் வகுத்தது. செ.மீ.க்கு 1 வோல்ட்டில், 10 மணி நேரத்தில், அதாவது 36,000 விநாடியில், 3.6 செ.மீ. நகர்ந்தால் அது 1.0 × 10⁻⁴. அதன் மடக்கையை அகரோஸ் அளவுக்கு எதிரே புள்ளியாக வையுங்கள். இதை ஃபெர்குசன் வரைபடம் என்பார்கள். புள்ளிகள் கோடாக விழும்.

கோட்டை இடப்பக்கம் நீட்டி, அகரோஸ் பூஜ்யம் ஆகும் இடத்தைப் பாருங்கள். ஜெல்லே தடுக்காதபோது அந்த ஃபேஜ் எவ்வளவு வேகமாக ஓடும் என்று அது சொல்லும்; அங்கே மேற்பரப்புச் சுமையே பேசும். கோடு எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறதோ அவ்வளவுக்குத் துகள் பெரியது. தெரிந்த ஃபேஜ்களின் சரிவோடு ஒப்பிட்டால் உங்களுடையதன் பருமன் மதிப்பு கிடைக்கும். 30 நானோமீட்டரையொட்டி ஃபை-எக்ஸ்174 அல்லது எம்.எஸ்.2, நடுவில் டி7 என்று குறைந்தது இரண்டு தெரிந்த ஃபேஜ் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னோக்கி ஒழுகும் நீரின் வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுமையில்லாத வைட்டமின் பி12-ஐ ஒரு பள்ளத்தில் அடர்த்தியாக ஏற்றினால், சிவப்புப் பொட்டு எதிர்முனைப் பக்கம் மெல்ல நகர்வது தெரியும். சின்ன மூலக்கூறு என்பதால் சீக்கிரம் பரவி மங்கிவிடும். முதல் இரண்டு மணி நேரத்திலேயே அளந்துகொள்ளுங்கள். அந்த வேகத்தை ஃபேஜின் நகர்திறனோடு கூட்டியபின்தான் மடக்கை எடுக்க வேண்டும்.

அகரோஸ் கூடக் கூடக் கோடு கீழே வளைந்தால் தவறு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். துளை துகளின் பருமனை நெருங்கும்போது அப்படித்தான் வளையும். வளைந்த புள்ளிகளை விட்டுவிட்டு, அகரோஸ் குறைந்த பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கோடு இழுங்கள்.

11. ஜெல் கெட்டுப்போனால் எங்கிருந்து தேடுவது

எல்லாம் பள்ளத்திலேயே நிற்கிறது என்றால் ஃபேஜ் கட்டிகட்டியிருக்கிறது, அல்லது துளை போதவில்லை. ஜெல்லை 0.5-க்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் நகரவில்லையென்றால் பி.ஈ.ஜி. மிச்சமிருக்கிறது, டயாலிசிஸுக்குத் திரும்புங்கள்.

பள்ளத்திலிருந்து கீழே வரை ஒரே இழுவையாக வந்தால், முதலில் டி.என்.ஏஸ் போட்டீர்களா என்று யோசியுங்கள். போட்டிருந்தால் ஓடும்போதே ஃபேஜ் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்திருக்கிறது. பஃபரில் மக்னீசியம் இருக்கிறதா, ஜெல் சூடானதா என்று பாருங்கள்.

இரண்டு பட்டை வந்து, ஒன்பதாம் படியில் இரண்டிலும் பிளேக் கிடைத்தால், இரண்டு துண்டிலிருந்தும் ஒவ்வொரு பிளேக்கை எடுத்துத் தனித்தனியே வளர்த்து மறுபடி ஓட்டுங்கள். தனித்தனி இடத்தில் நின்றால் கலவையைத்தான் வளர்த்திருக்கிறீர்கள். இரண்டாம் படிக்குப் போக வேண்டும். இரண்டிலிருந்து வளர்த்ததும் மறுபடி இரண்டு பட்டையாகவே பிரிந்தால், ஒரே ஃபேஜ் இரண்டு நிலையில் இருக்கிறது: வால் இழை மடங்கியதும் விரிந்ததுமாக இருக்கலாம். அப்போது பி.எச்.சை அரை அலகு மாற்றி ஓட்டி, இரண்டு பட்டைகளின் அளவு ஒன்றுக்கொன்று மாறுகிறதா என்று பாருங்கள்.